பேரம் பேசுமுன் எண் பயில்வோம்

தில்லிக்குக் குடிவந்த முதற் குளிர்காலத்தில், கடைவீதியில் ஒரு கம்பளிக் குல்லாய்க்கு விலை கேட்டேன். "டேட் சௌ" என்றார் கடைக்காரர். 'டேட்' என்னும் சொல்லின் பொருளை யான் அறியேன். எனினும், "தோ சௌ!" என்று உறுதியோடு பேரம் பேசினேன். நூற்றைம்பது ரூபாய்ப் பண்டத்திற்கு இருநூறு பெற்றுக்கொண்ட அவர் முகத்தில் அரும்பிய புன்னகையின் பொருள் பின்னரே விளங்கிற்று.

அன்பர்களே! இந்தியில் 'சவா சௌ' 125. 'டேட் சௌ' 150. 'டாயீ சௌ' 250. 'சாடே தீன் சௌ' 350. இவை மனத்திற் பதியாவிடில் சரோஜினி நகர்ச் சந்தையில் சிக்கனம் கைகூடாது. இரண்டு மூன்று கடைகளில் விலை விசாரித்து, நாம் கொடுக்கக்கூடிய தொகையை முன்னரே வரையறுத்துக்கொள்ளல் நலம்.

உறையிட்ட பண்டங்களில் அச்சிட்டிருப்பது உச்ச விலையே. அதற்குமேல் விற்பதை 2011ஆம் ஆண்டின் விதிகள் தடுக்கின்றன. குறைத்துக் கேட்பதற்கோ தடையில்லை.

ஆயினும், தள்ளுவண்டியில் காய்கறி கொணர்வாரிடம் ஐந்து ரூபாய்க்காக வாதாட வேண்டா. அவருள் பலர் நம்மைப் போலவே ஊர் துறந்து பிழைக்க வந்தவர். அவரது கூலியைக் குறைத்துப் பெறும் மிச்சம் சிக்கனமாகாது.