முதல் நாளின் ஒரே ஊசி

வெள்ளாமை விளைந்து நிற்கும் காலத்தில் கல்முனைக்கு மேற்கே வட்டைகளில் காவலுக்குப் போகிறவர்கள், வாடியின் தரையிலேயே பாயை விரித்துப் படுத்துவிடுவார்கள். கட்டுவிரியன் கடிப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட இரவுகளில்தான். பல் பட்ட இடம் பல வேளைகளில் வலிப்பதுகூட இல்லை. விடியும்போது கண்ணிமை தொங்கும். எச்சிலை விழுங்க முடியாது. பிறகு மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். விஷம் சிதைத்த நரம்பு நுனிகள் திரும்ப முளைக்கும்வரை, நாட்கணக்கில், வென்டிலேட்டர்தான் கடிபட்டவருக்காக மூச்சு விடும்.

இத்தனைக்கும் அவருடைய நுரையீரலில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் நாலாம் நாள் காய்ச்சல் அடித்து, எக்ஸ்ரேயில் வெள்ளையாகப் படலம் தெரிந்தால் மனசு அவ்வளவு நோகிறது. பாம்பிடம் தப்பியவரை நியூமோனியா பிடித்துக்கொள்கிறது.

அது வரும் வழி, உயிர் காக்க இறக்கிய குழாய்தான். குழாயின் கீழ்முனையைச் சுற்றி ஒரு சின்னப் பலூன் ஊதப்பட்டிருக்கும். விழுங்க முடியாத எச்சில் அதன் மேலே வந்து தேங்கும். பலூனில் எப்படியும் மெல்லிய மடிப்புகள் விழும். வரம்பில் நண்டு போட்ட வளையால் வயல் தண்ணீர் இறங்குவதுபோல, அந்த மடிப்புகளின் வழியே எச்சில் துளித்துளியாக நுரையீரலுக்குள் இறங்குகிறது. இருமித் தள்ளவும் அவரால் முடியாது.

அந்த எச்சிலில் இருக்கும் கிருமிகள் யாருடையவை? முதல் சில நாட்களில் பெரும்பாலும் அவருடைய வாயிலும் தொண்டையிலும் முன்பே குடியிருந்தவை, சாதாரண மருந்துக்கே சாகக்கூடியவை. நாள் போகப் போக அந்த இடத்தை வைத்தியசாலைக் கிருமிகள் பிடித்துக்கொள்கின்றன. அவை பல மருந்துகளைப் பார்த்துப் பழகியவை.

பிரான்ஸில் செய்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு அந்த முதல் சில நாட்களின் இடைவெளியைத்தான் பயன்படுத்தியது. தலையில் அடிபட்டோ மூளையில் இரத்தம் கசிந்தோ நினைவிழந்த 319 பேர். குழாய் இறக்கி 12 மணித்தியாலத்துக்குள் பாதிப் பேருக்கு செஃப்ட்ரியக்ஸோன் என்ற கிருமிக்கொல்லி மருந்து 2 கிராம், ஒரே ஒரு தடவை. மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசி. முதல் வாரத்தில் நியூமோனியா வந்தவர்கள் மருந்தில்லாத பக்கத்தில் 32 சதவீதம், மருந்து பெற்ற பக்கத்தில் 14 சதவீதம். ஒரு ஊசிக்கு இவ்வளவு பலனா என்று நான் அந்த எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான, அதே நாட்டின் இன்னோர் ஆய்வில், அமிகாசின் என்ற வேறொரு கிருமிக்கொல்லியை ஆவியாக்கி மூன்று நாட்கள் நுரையீரலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். நியூமோனியா வந்தவர்கள் 22 சதவீதத்திலிருந்து 15ஆகக் குறைந்தார்கள்.

அப்படியானால் எல்லோருக்கும், நீண்ட நாட்களுக்குக் கொடுத்தால் என்ன? “வாப்பாவுக்கு இன்னும் பவரானதாப் போடுங்க டொக்டர்” என்று வாசலில் நிற்கும் மகன் கேட்பதும் அதைத்தான். ஒரே களைநாசினியைப் போகத்துக்குப் போகம் அடித்த வயலில் எந்தக் களை மிஞ்சும் என்பது அந்த மகனுக்கே தெரியும். இலங்கையின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மிஞ்சி நிற்கும் களையின் பெயர் அசினெட்டோபாக்டர். செஃப்ட்ரியக்ஸோனை அது பொருட்படுத்தாது. கடைசியாகக் கையிருப்பில் வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளுக்கும் அது பல வேளை மசிவதில்லை. பிரான்ஸின் ஆய்வில் பாம்பு கடித்தவர்களும் இல்லை. ஆகவே அந்த ஊசியை இங்கே அப்படியே இறக்கிவிட முடியாது. நம் கட்டில்களில், நம் கிருமிகளோடு சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிக்கத்தான் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதுவரை கட்டிலின் தலைமாடு 30 பாகைக்குக் கீழே இறங்கக் கூடாது. பலூனின் அழுத்தத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும். தொடுமுன் கை கழுவ வேண்டும். வாயைத் துடைத்து, தேங்கிய எச்சிலை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

கட்டுவிரியன் கடித்தவருக்குப் பல வேளை நினைவு தப்புவதில்லை. இமையைத் தூக்க முடியாமல் கிடந்தாலும் எல்லாம் கேட்கும். அதை அறிந்த தாதி, பஞ்சைக் கையில் எடுத்தபடி குனிந்து, “வாய் துடைக்கப் போறன் வாப்பா” என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார்.