அடி அண்ணாமலை

அடி அண்ணாமலை இந்தியாவின் தமிழ்நாடு மாநிலத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர் ஆகும். அண்ணாமலையின் மேற்குப் பக்கத்தில், மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் நீளமான கிரிவலப் பாதையின் ஏறக்குறைய பாதித் தொலைவில் இவ்வூர் அமைந்துள்ளது. இங்குள்ள ஆதி அருணாசலேசுவரர் கோயில், எண்திசை இலிங்கங்களுள் வருண இலிங்கத்துக்கும் வாயு இலிங்கத்துக்கும் இடையில் உள்ளது. மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இவ்விடத்தில் பாடினார் என்பது மரபு. அவருக்கும் இங்கு ஒரு சிறு கோயில் உண்டு.

மக்கள் தொகை

2011 ஆம் ஆண்டு இந்திய மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை நகராட்சியில் 1,45,278 மக்கள் வசித்தனர். அப்போது நகராட்சி எல்லைக்கு வெளியே ஊராட்சிப் பகுதியாக இருந்த அடி அண்ணாமலை இவ்வெண்ணிக்கையில் சேராது.

இக்கணக்கெடுப்பு 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை நடைபெற்றது. ஒருவர் வழக்கமாக எங்கு தங்குகிறாரோ அவ்விடத்திலேயே அவர் கணக்கில் சேர்க்கப்படுவார். அவ்வாண்டு பிப்ரவரி 18 முழுநிலவு நாள் ஆகும். கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தபோதே கிரிவலம் வந்தவர்கள் இவ்வூரின் வழியாக நடந்து சென்றிருப்பர். எனினும் அவர்கள் அனைவரும் தத்தம் ஊர்க் கணக்கிலேயே இடம்பெற்றிருப்பர். கணக்கெடுப்பு முறையில் இது பிழையன்று. ஆனால் குடிநீர், கழிப்பிடம், துப்புரவுப் பணியாளர் ஆகியவற்றுக்கான நிதிப் பகிர்வில் மக்கள் தொகை முதன்மையான அளவுகோல்களுள் ஒன்றாக இருப்பதால், வசிப்போர் சிலரும் வந்து செல்வோர் பலருமாக உள்ள ஊர்களுக்கு இம்முறை பொருந்துவதில்லை. கார்த்திகைத் தீபத்தன்று பல இலட்சம் பேர் இப்பாதையில் நடக்கின்றனர்.

2021 இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிவைக்கப்பட்டமையால் பல ஆண்டுகள் 2011 ஆம் ஆண்டுத் தரவுகளே பயன்பட்டு வந்தன. இதற்கிடையில் 2024 இல் திருவண்ணாமலை நகராட்சி, சுற்றியுள்ள ஊராட்சிகள் பலவற்றையும் சேர்த்து மாநகராட்சியாக்கப்பட்டது. ஊராட்சியாக இருக்கும்வரை கிடைக்கும் ஊரக வேலை உறுதித் திட்டம், மாநகராட்சியுடன் இணைந்த பின் கிடைக்காது. சொத்து வரியும் மாறும். எனவே இத்தகைய இணைப்புகளைச் சிற்றூர் மக்கள் எல்லோரும் வரவேற்பதில்லை.

போக்குவரத்து

கிரிவலப் பாதை திருவண்ணாமலையிலிருந்து செங்கம் சாலை வழியாகச் சென்று, பின்னர் வலப்புறம் பிரிந்து அடி அண்ணாமலையை அடைகிறது. செங்கம் சாலை, கிருட்டிணகிரியையும் திண்டிவனத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையின் (எண் 77, முன்னர் 66) பகுதியாகும். வேலூர், விழுப்புரம் நகரங்களுக்கு நெடுஞ்சாலை எண் 38 (முன்னர் 234) செல்கிறது.

ஊர் மக்கள் சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்வது பெரும்பாலும் இக்கிரிவலப் பாதையில்தான். முழுநிலவு நாட்களில் இதில் ஊர்திகள் கட்டுப்படுத்தப்படுகின்றன. வெளியூர்ப் பேருந்துகள் நகரின் எல்லையில் அமைக்கப்படும் தற்காலிக நிலையங்களில் நிறுத்தப்படுகின்றன. வெளியூரார்க்கு மிகுதியான பேருந்துகள் கிடைக்கும் நாளே ஊராருக்குப் போக்குவரத்து அரிதாகும் நாளாகவும் அமைகிறது. பாதையை அகலப்படுத்துவது இதற்கு ஒரு வழியாகக் கருதப்பட்டது. ஆயினும் 2016 இல் அதற்காகச் சாலையோர மரங்கள் வெட்டப்பட்டபோது எதிர்ப்பு எழுந்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. நிழலின்றி வெறுங்காலுடன் 14 கிலோமீட்டர் நடப்பது பகலில் எளிதன்று.

அருகிலுள்ள தொடர்வண்டி நிலையம் திருவண்ணாமலை. விழுப்புரம் - காட்பாடி இருப்புப்பாதையில் உள்ள இந்நிலையத்தின் வழியே, மீட்டர் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்ட பின் தொடர்வண்டிகள் மீண்டும் இயங்கத் தொடங்கின. சென்னைக் கடற்கரை - வேலூர் கண்டோன்மென்ட் மின்தொடர்வண்டி 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. செஞ்சி வழியாகத் திண்டிவனத்துக்கு அறிவிக்கப்பட்ட புதிய இருப்புப்பாதை நீண்ட காலமாக முடிவடையாமல் இருப்பதால், சென்னையிலிருந்து வருவோரில் பெரும்பாலோர் இன்றும் சாலை வழியாகவே வருகின்றனர்.