ஒரு சொல் பிழைத்தால் ஒரு வாக்குப் போகும்



2018ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றது. அன்று பின்னேரம் கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றிற்குப் போயிருந்தேன். இறுதி யுத்தத்தில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்த்த தாய் ஒருவர் திண்ணையில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார்.

"வோட்டுப் போட்டாச்சோ அம்மா?"

"எனக்கு வாக்காளர் அட்டை வரேல்லைப் பிள்ளை. அட்டை இல்லாத ஆக்கள் போடேலாதெண்டு பேப்பரில கிடந்தது."

அப்போது நேரம் நான்கு மணியைத் தாண்டிவிட்டது. வாக்களிப்பு முடிந்திருந்தது. அவரிடம் தேசிய அடையாள அட்டை இருந்தது. வாக்காளர் இடாப்பில் பெயரும் இருந்தது. சட்டப்படி அவை இரண்டும் போதும். வாக்காளர் அட்டை என்பது எந்த நிலையத்தில் வாக்களிக்க வேண்டும் என அறிவிக்கத் தபாலில் வரும் கடிதம் மட்டுமே. அது வராவிட்டாலும் வாக்குரிமை போகாது.

2004ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட சட்டம் வாக்காளர் தமது ஆளடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்கிறது. அந்தச் செய்தியை எழுதியவர் 'அடையாள அட்டை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வாக்காளர் அட்டை' என்று எழுதிவிட்டார். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளில் 'வாக்காளர் அடையாள அட்டை' என்று அடிக்கடி கேட்கிறோம். அது இந்தியாவின் நடைமுறை. நமது நாட்டில் அப்படியொரு அட்டை இல்லை.

ஒரு சொல் மாறியதால் ஒரு பெண்ணின் வாக்குப் போய்விட்டது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது விளங்காத பல விடயங்கள் அன்று அந்தத் திண்ணையில் விளங்கின.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னர், பிராந்தியச் செய்தியாளர்களுக்காக ஒருநாள் செயலமர்வு ஒன்றை ஒழுங்கு செய்தோம். ஓய்வுபெற்ற தேர்தல் உத்தியோகத்தர் ஒருவர் விளக்கமளித்தார். இளம் செய்தியாளர் ஒருவர் எழுந்து, "அக்கா, அஞ்சு மணிக்குள்ள செய்தி அனுப்ப வேணும். சட்டப் புத்தகம் பார்க்க எங்க நேரம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் அதிகம் பிழை நேரும் இரண்டு இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

முதலாவது, வாக்களிக்கும் முறை. எட்டு மாதங்களுக்குள் நாம் மூன்று தேர்தல்களைக் கண்டோம். 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என விருப்பு இலக்கங்கள் இடலாம். ஒருவருக்கு மட்டும் வாக்களித்தாலும் செல்லும். 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி இட்டு, அதே கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். உள்ளூராட்சித் தேர்தலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரேயொரு புள்ளடிதான். விருப்பு வாக்கு இல்லை. மூன்றிற்கும் மூன்று வெவ்வேறு சட்டங்கள். சென்ற தேர்தலின் செய்தியைத் திகதி மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? அதை நம்பியவரின் வாக்கு நிராகரிக்கப்படலாம்.

இரண்டாவது, பெண் உறுப்பினர்கள். 2018 தேர்தலுக்குப் பின் சில செய்திகளில், பட்டியல் மூலம் சபைக்குச் சென்ற பெண்களை 'தோற்றும் ஆசனம் பெற்றவர்', 'போனஸ் உறுப்பினர்' என்றெல்லாம் எழுதினார்கள். போனஸ் ஆசனம் மாகாண சபைத் தேர்தல்களில் வெற்றி பெற்ற கட்சிக்குக் கிடைத்து வந்தது. உள்ளூராட்சிச் சட்டத்தின்படி 60 வீதமான உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதமானோர் பட்டியலிலிருந்தும் தெரிவாகின்றனர். பெண்களுக்கு 25 வீத இடம் சட்டம் தந்தது. முன்னர் இச்சபைகளில் நூற்றுக்கு இரண்டு பெண்கள்கூட இருக்கவில்லை. பட்டியலில் வந்தவருக்கும் வட்டாரத்தில் வென்றவருக்கும் சபையில் ஒரே வாக்கு, ஒரே உரிமை. 'பின்கதவால் வந்தவர்' என்ற எண்ணத்தைப் பத்திரிகையே விதைத்தால், அப்பெண் சபையில் வாய் திறக்கும்போது யார் கேட்பார்கள்?

முடிவில் செய்தியாளர்கள் மூன்று கேள்விகளைத் தங்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்: இது எந்தத் தேர்தலுக்கான சட்டம்? யாருக்குப் பொருந்தும்? தேர்தல் அலுவலகத்தில் யாரிடம் கேட்டு உறுதி செய்தேன்?

சகோதரிகளே, இக்கேள்விகள் வாசிக்கும் நமக்கும் உரியவை. "வாக்களிக்க முடியாது" என்று ஒரு செய்தி சொன்னால் உடனே நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். விதானையாரிடம் அல்லது மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கேளுங்கள். யுத்தத்திலும் இடப்பெயர்விலும் ஆவணங்களை இழந்தவர்கள், தேர்தல் அறிவிக்கப்பட்டவுடனேயே விதானையார் ஊடாகத் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். செய்தி பிழையென்றால் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

2025 மே 6 காலை அந்த அம்மா தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, இந்த முறையும் அட்டை வரேல்லை. ஐசியைக் கொண்டு போய்ப் போட்டிட்டு வந்திட்டன்."