யந்திரம் எழுதும் விடை

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று பல்கலைக்கழகம் செல்கின்றனர். கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் 'சாட்ஜிபிடி' என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி 2022 நவம்பரில் வெளிவந்தது. இன்று இத்தகைய கருவிகள் பல உள்ளன. பிள்ளைகள் இவற்றைப் பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம். ஆனால், அவற்றின் இயல்பை அறிந்திருக்க வேண்டும்.

இக்கருவி உண்மை அறிந்து பேசுவதில்லை. எண்ணற்ற பக்கங்களில் பழகிய பழக்கத்தால், அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்தே எழுதுகிறது. ஆதலால், இல்லாத நூலையும் இருப்பதுபோல் சொல்லிவிடும். 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில், இது கற்பித்த பொய் வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. படித்தவர்களே சரிபார்க்கத் தவறினார்கள்!

பால் வாளியில் தண்ணீர் கலந்தால் எடை கூடும், ரப்பர் கூடுமா?

விளங்காத பாடத்தை விளக்கச் சொல்லலாம். எழுதியதில் பிழை பார்க்கச் சொல்லலாம். அது காட்டும் நூலையும் ஆய்வையும் மாணவர் தாமே தேடிப் படிக்கவேண்டும். பல்கலைக்கழக விதியை முதலில் கேட்டறிந்து, பெற்ற உதவியை மறைக்காமல் குறிப்பிட வேண்டும். ஆய்வுக்காகப் பேட்டி கொடுத்தவர்களின் பெயர், அடையாளக் கார்டு எண் ஆகியவற்றைக் கருவியிடம் கொடுக்கலாகாது.

பெற்றோர்களே, கணினி தெரியவில்லையே என்று கலங்கவேண்டாம். விடுமுறையில் வரும் பிள்ளையிடம், "நீ எழுதியதை எனக்குப் புரியும்படி சொல், அப்பா" என்று கேளுங்கள். தடுமாறாமல் சொன்னால், அந்தப் படிப்பு பிள்ளையுடையது. சொல்ல முடியாவிட்டால், பட்டம் கிடைத்தாலும் கல்வி யந்திரத்திடமே நின்றுவிடும்.