இரட்டை அச்சு நாணயம்: குறைந்த செலவில் வாங்கலாம், ஏமாறாமல் வாங்கலாம்

பழைய ஒரு சென்ட் நாணயத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கிடைக்கும் என்று சொல்லும் காணொளிகள் கைப்பேசிகளில் வலம் வருகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வீட்டுச் சில்லறையைக் கொட்டி ஆராய்பவர்கள் உண்டு. இணையத்தில் ‘டபுள்ட் டை’ என்று எழுதியிருந்தால் போதும், கேட்ட விலைக்கு வாங்கிவிடுபவர்களும் உண்டு.

உண்மையில், இரட்டை அச்சு நாணயங்களைச் சேகரிக்கப் பெரும் பணம் தேவையில்லை. சில பத்து வெள்ளிக்கே அசல் நாணயம் கிடைக்கும். ஆனால் அசல் எது, அதுபோல் தோன்றுவது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் அந்தச் சிறு தொகையும் வீண்தான்.

தவறு எங்கே நடக்கிறது?

நாணயம் அடிக்கப்படுவது இரண்டு எஃகு அச்சுகளுக்கு இடையில். ஒன்று தலைப்பக்கத்துக்கு, மற்றொன்று பின்பக்கத்துக்கு. அந்த அச்சில் உருவம் குழிவாக இருக்கும். அந்தக் குழிவை உண்டாக்க, உருவம் புடைப்பாக இருக்கும் ‘ஹப்’ எனும் தாய் அச்சைப் பெரும் விசையுடன் அதில் அழுத்துவார்கள்.

முன்பெல்லாம் ஒரே அழுத்தத்தில் உருவம் முழுதாகப் பதியாது. அழுத்தியதும் எஃகு இறுகிவிடும். அதைச் சூடாக்கி இளக்கி, மறுபடியும் தாய் அச்சின் கீழ் வைத்து அழுத்த வேண்டும். இரண்டாம் முறை வைக்கும்போது இம்மியளவு திரும்பியிருந்தாலும், முதல் பதிவுக்குப் பக்கத்தில் இன்னொரு பதிவு விழுந்துவிடும். அதுதான் இரட்டை அச்சு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தவறு அச்சில் இருக்கிறது. நாணயம் அடிக்கப்படும் நொடியில் அது ஏற்படுவதில்லை. அதனால் அந்த அச்சிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு நாணயத்திலும் அதே இடத்தில், அதே வடிவில் இரட்டிப்பு இருக்கும். ஒரே அச்சு பல லட்சம் நாணயங்களை அடிக்கக்கூடியது. விலை குறைவாக இருப்பதற்கும், படத்துடன் ஒப்பிட்டு அசலை உறுதிசெய்ய முடிவதற்கும் இதுவே காரணம்.

புகழ்பெற்ற 1955

இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது 1955ஆம் ஆண்டின் அமெரிக்க லிங்கன் ஒரு சென்ட். ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது. அதன் ஆண்டு எண்ணும் எழுத்துகளும் வெறும் கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். தவறு தெரியவந்தபோது அந்த நாணயங்கள் ஏற்கெனவே மற்ற நல்ல நாணயங்களுடன் கலந்துவிட்டன. 20,000க்கும் மேற்பட்டவை புழக்கத்துக்குச் சென்றதாக மதிப்பிடப்படுகிறது.

அவற்றில் பல சிகரெட் பெட்டிகளின் வழியே மக்கள் கைக்கு வந்தன. தானியங்கி இயந்திரத்தில் ஒரு பெட்டியின் விலை 23 சென்ட். வாங்குபவர் 25 சென்ட் நாணயத்தைப் போடுவார். மீதி 2 சென்ட்டைப் பெட்டியின் உறைக்குள் முன்கூட்டியே வைத்திருந்தார்கள்.

இன்று அந்த நாணயம், புழங்கித் தேய்ந்திருந்தாலும், ஆயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும். போலிகளும் நிறைய உண்டு. தொடக்கச் சேகரிப்பாளர் அதை விட்டு விலகி நிற்பதே நல்லது.

இரட்டிப்புபோல் தெரிபவை

பணத்தை இழக்க வைப்பவை பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

முதலாவது, இயந்திர இரட்டிப்பு. அச்சு சற்றுத் தளர்ந்திருந்தால், நாணயத்தை அடித்து விலகும்போது அது இலேசாக நகர்ந்து, அப்போதுதான் பதிந்த எழுத்தின் ஓரத்தைத் தட்டையாக்கிவிடும். எழுத்தின் பக்கத்தில் தாழ்வான படிக்கட்டுபோல் ஒரு நிழல் தெரியும். இதற்குச் சேகரிப்பு மதிப்பு கிடையாது.

இரண்டாவது, தேய்ந்த அச்சினால் வருவது. நீண்ட நேரம் உழைத்த அச்சு எழுத்துகளை வீங்கியதுபோல், மங்கலாகப் பதிக்கும். 1955ஆம் ஆண்டு சென்ட்டிலேயே இப்படி ஒன்று உண்டு. ‘ஏழையின் டபுள்ட் டை’ என்று ஆங்கிலத்தில் அதற்குப் பெயர். பெயரில் இருந்தாலும் அது இரட்டை அச்சு அன்று. சில டாலருக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை.

மூன்றாவது, முலாம் பிளப்பு. 1982 முதல் அமெரிக்க ஒரு சென்ட் துத்தநாகத்தின் மேல் செம்பு முலாம் பூசி அடிக்கப்பட்டது. எழுத்தின் ஓரத்தில் முலாம் கிழிந்தால் வெள்ளைக் கோடு தெரியும். படத்தில் அது இரட்டிப்புபோல் ஏமாற்றும்.

அசலைக் கண்டுகொள்ளும் வழி எளிது. இயந்திர இரட்டிப்பில் எழுத்தின் அகலம் குறையும். அசல் இரட்டை அச்சில் அகலம் கூடும். அசலில் இரண்டாம் உருவமும் முதல் உருவத்தைப்போலப் புடைப்பாக, உருண்டையாக இருக்கும். எழுத்தின் முனைகளில் இரண்டாகப் பிளந்ததுபோல் சிறு வெட்டு தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்றும், பக்கவாட்டில் விழும் ஒரு விளக்கொளியும் இதற்குப் போதும்.

கைக்கு எட்டும் விலையில்

தொடங்குபவருக்கு ஏற்றவை இவை.

1995ஆம் ஆண்டு லிங்கன் சென்ட்: தலைப்பக்கத்தில் ‘லிபர்ட்டி’, ‘இன் காட்’ என்னும் சொற்களில் இரட்டிப்பு தெளிவாகத் தெரியும். அந்த ஆண்டிலேயே அமெரிக்க நாளிதழ்களில் செய்தி வந்ததால் ஏராளமானோர் தேடி எடுத்துப் பத்திரப்படுத்தினர். அதனால் புழங்காத நிலையிலேயே ஏறத்தாழ 20 முதல் 50 அமெரிக்க டாலருக்குக் கிடைக்கிறது.

2005ஆம் ஆண்டு மினசோட்டா கால் டாலர்: பின்பக்கத்தில் மரங்களுக்கிடையே இன்னொரு மரத்தின் துண்டு எட்டிப் பார்க்கும். இதில் பல பத்து வகைகள் பதிவாகியுள்ளன. இரட்டிப்பு சிறியதாக உள்ள வகைகள் மிக மலிவு.

2009ஆம் ஆண்டு லிங்கன் சென்ட்: மரக்கட்டையில் அமர்ந்து படிக்கும் இளம் லிங்கனின் கையில் கூடுதல் விரல் ஒன்று தெரியும். இதிலும் வகைகள் பல. விலையும் அதற்கேற்ப மாறும்.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்க நாணயச்சாலை ஒரே அழுத்தத்தில் அச்சு தயாரிக்கும் முறைக்கு மாறிய பிறகும் இரட்டிப்பு நிற்கவில்லை. அச்சு சாய்வாக அமர்ந்தால், அழுத்தும்போதே அது நகர்ந்துவிடுகிறது. புதிய நாணயங்களில் இரட்டிப்பு பெரும்பாலும் நடுப்பகுதியில் இருப்பது இதனால்தான்.

அடுத்த படிக்குச் செல்ல விரும்பினால், லிங்கனின் காதுமடல் இரட்டித்த 1984 சென்ட் நூறு டாலர் அளவிலும், 1972 சென்ட் சில நூறு டாலரிலும் இருக்கின்றன. இரட்டிப்பு எவ்வளவு தெளிவாகக் கண்ணில் படுகிறதோ, அவ்வளவு விலை. ‘அரிது’ என்று விற்பவர் சொல்வதால் மட்டும் விலை உயர்வதில்லை.

பணம் கொடுக்கும் முன்

முதலில் வகையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு நாணயத்தைத் தேடுங்கள். ஃபிவாஸ், ஸ்டான்டன் இருவரும் எழுதிய ‘செர்ரிபிக்கர்ஸ் கைடு’ நூலிலும், இணையத்திலுள்ள வகைப் பட்டியல்களிலும் ஒவ்வோர் அச்சுக்கும் எண்ணும் நெருக்கப் படமும் இருக்கும். விற்பவரின் படத்தை அதனுடன் வைத்துப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் வாங்க வேண்டாம். நெருக்கப் படம் தர மறுப்பவரிடமும் வாங்க வேண்டாம்.

பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்கள் தரம் பார்த்துப் பெட்டியில் அடைத்த நாணயம் என்றால், பெட்டியிலுள்ள எண்ணை அந்நிறுவன இணையத்தளத்தில் சரிபாருங்கள். முகப்புச் சீட்டில் இரட்டை அச்சு என்ற குறிப்பும் இருக்க வேண்டும். 20 டாலர் நாணயத்தை நீங்களே தரம் பார்க்க அனுப்புவது பயனற்றது. கட்டணமே நாணயத்தின் விலையை மிஞ்சிவிடும்.

அஞ்சல் செலவையும் கணக்கில் சேருங்கள். 2023 முதல், வெளிநாட்டிலிருந்து வாங்கும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் பதிவுபெற்ற தளங்கள் பொருள் சேவை வரி வசூலிக்கின்றன. அந்த வரி 2024லிருந்து 9 விழுக்காடு. ஒரே விற்பனையாளரிடம் மூன்று நான்கு நாணயங்களைச் சேர்த்து வாங்கினால் அஞ்சல் செலவு மிச்சம். நகர மையத்திலுள்ள நாணயக் கடைகளுக்கு நேரில் சென்றால் கைவில்லையை வைத்தே பார்க்கலாம்.

காத்தோங் வீட்டு டின்னில்

காத்தோங், ஜூ சியாட் வட்டாரத்தில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களில், பழைய பிஸ்கட் டின்னில் சில்லறை கிடப்பது புதிதன்று. மலாயாவின் சதுர ஒரு காசு, 1967ல் வந்த சிங்கப்பூரின் முதல் வரிசையில் கடற்குதிரை பொறித்த 10 காசு, வாள்மீன் பொறித்த 20 காசு, இப்போதும் இங்கு செல்லுபடியாகும் புருணை நாணயம் என்று கலந்து கிடக்கும்.

கண்ணைப் பழக்க இதைவிட நல்ல பள்ளி இல்லை. 1985ல் வந்த இரண்டாம் வரிசை, 2013ல் வந்த மூன்றாம் வரிசை நாணயங்களில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழிலும் பொறித்திருக்கிறது. ப், ங் ஆகியவற்றின் புள்ளிகளையும் எழுத்தின் வளைவுகளையும் வில்லையில் பாருங்கள். நிழல் தெரிந்தால், அது தட்டையா புடைப்பா என்று கேளுங்கள். மூன்றாம் வரிசை முலாம் பூசிய எஃகு என்பதால் முலாம் பிளப்பையும் நினைவில் வையுங்கள். சந்தேகத்துக்குரியதைத் தனியே எடுத்து வைத்து, அதே ஆண்டின் வேறு நாணயங்களில் அதே இடத்தில் அதே அடையாளம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். துலக்கிய நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் ஒதுக்கிவிடுவார்கள். விரலால் ஓரத்தைப் பிடித்து, பிவிசி கலக்காத உறையில் போட்டு வைத்தால் போதும்.

விற்கும்போதும் கவனம்

“உங்கள் நாணயத்தை லட்சக்கணக்கில் வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம், வரி அனுப்புங்கள்” என்று யாராவது கேட்டால் அது மோசடி. இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிக் கட்டணம் கேட்டார்கள். பழைய நாணயம், நோட்டு விற்பனையில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, அதற்காக எந்தக் கட்டணமும் தான் கேட்பதில்லை என்று அவ்வங்கி 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது. ஊரிலுள்ள உறவினர்களுக்கும் இதைச் சொல்லிவைப்பது நல்லது. சிங்கப்பூரில் சந்தேகம் வந்தால், பணம் அனுப்பும் முன் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துக் கேட்கலாம்.

நூறு வெள்ளிக்குள் தொடங்க விரும்புவோர் இப்படிச் செய்யலாம்: ஒரு கைவில்லை, ஒரு 1995 சென்ட், ஒரு மினசோட்டா கால் டாலர், ஒரு 2009 சென்ட். அவற்றுடன், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ‘ஏழையின் டபுள்ட் டை’. அசலையும் அசலல்லாததையும் அடுத்தடுத்து வைத்து நாலைந்து நாள் பார்த்துப் பழகிய பிறகு, அடுத்த நாணயத்துக்குப் பணம் ஒதுக்குங்கள்.