கற்பிப்பவர்களும் களைத்துப்போவார்கள்: கல்லூரிகளில் பணிச்சோர்வும் அதிலிருந்து மீளும் வழியும்

சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகத் திருச்செங்கோட்டுக்கும், ராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்கும் போகும் சாலைகளில் காலை நேரத்தில் கல்லூரிப் பேருந்துகள் வரிசைகட்டும். 1985-ல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1997-ல் உருவான பெரியார் பல்கலைக்கழகம், ஊருக்கு ஊர் எழுந்த சுயநிதிக் கல்லூரிகள் என்று இந்த வட்டாரமே படிப்பை நம்பி வாழ்கிறது. மாணவர்களின் மன அழுத்தத்தைப் பற்றி இப்போது ஓரளவு பேசத் தொடங்கியிருக்கிறோம். அவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களும், ஹால் டிக்கெட் கொடுப்பவர்களும், விடுதியைக் காப்பவர்களும் களைத்துப்போவதைப் பற்றி இன்னும் பேசவில்லை.

பணிச்சோர்வு என்பது என்ன?

அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974-ல் இதைப் பற்றி எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டின் 11-வது பதிப்பில் இதற்குத் தெளிவான வரையறை கொடுத்தது. சமாளிக்க முடியாமல் நீடிக்கும் பணியிட அழுத்தத்தால் வருவது இது. தனி நோய் அல்ல. மூன்று அடையாளங்கள் உண்டு: சக்தி முழுவதும் வற்றிப்போன உணர்வு, வேலைமேல் வெறுப்பும் விலகலும், 'நான் செய்வதில் ஒரு பயனும் இல்லை' என்ற எண்ணம். காரணம் பணியிடத்தில் இருப்பதால், இதை ஒருவரின் சோம்பலாகவோ பலவீனமாகவோ பார்ப்பது தவறு.

சுமை எங்கிருந்து வருகிறது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடி வகுப்பு. ஆளை அழுத்துவது பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கும் வேலைகள்தான். இன்டர்னல் மதிப்பெண், நாக் தர மதிப்பீட்டுக் கோப்பு, ஆய்வுக் கட்டுரைக் கணக்கு, தேர்வுப் பணி எல்லாம் வரிசையில் நிற்கும். பல சுயநிதிக் கல்லூரிகளில் கோடை வந்தால் அட்மிஷன் வேலையும் சேர்ந்துகொள்ளும். ஆசிரியர்களே வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்க வேண்டும். அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளர்களுக்கோ அடுத்த ஆண்டு வேலை உண்டா என்ற கவலை.

அலுவலகத்தில் இருப்பவர்களின் பாடு வேறு. கட்டண விதியையோ தேர்வு முடிவையோ மாற்றும் அதிகாரம் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடையாது. ஆனால் பெற்றோரின் கோபம் முழுக்க அவர்மேல்தான் விழுகிறது.

உடல் முன்கூட்டியே சொல்லும்

படுத்தும் தூக்கம் வராமை, அடிக்கடி தலைவலி, நெஞ்செரிச்சல், ஞாயிறு மாலையே தொடங்கும் படபடப்பு, சின்னக் கேள்விக்கும் மாணவர்மேல் எரிந்து விழுதல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, கட்டுப்படாத சர்க்கரை ஆகியவையும் இதே அசதியைத் தரும். அதனால் எல்லாவற்றையும் வேலைமேல் போட்டுவிடாமல், முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

துணை உரையாடல் எப்படி உதவும்?

கோச்சிங் எனப்படும் இந்த முறையில், பயிற்சி பெற்ற ஒருவர் அறிவுரை சொல்லாமல் கேள்வி கேட்டு, களைத்தவரே தன் வழியைக் கண்டுபிடிக்க உதவுகிறார். கற்பனையாக ஓர் உரையாடலைப் பாருங்கள்:

"இந்த வாரம் உங்களை ரொம்ப அலுப்பாக்குனது எதுங்க மேடம்?"

"ராத்திரி பத்து மணிக்கு டிபார்ட்மென்ட் குரூப்ல வர்ற மெசேஜ்தான். உடனே பதில் போடலைன்னா தப்பா நினைப்பாங்களோன்னு தூக்கமே வர்றதில்ல."

"காலைல பதில் போட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க... நானா பயந்துக்கறேன். ஹெச்ஓடிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கறேன்."

எட்டு மணிக்குமேல் குரூப்பைப் பார்ப்பதில்லை என்று அவரே முடிவெடுக்கிறார். அடுத்த சந்திப்பில் அது நடந்ததா என்று இருவரும் பேசுகிறார்கள். கையை மீறிப் போன வேலையில் ஒரு சிறு பகுதியாவது மறுபடி அவர் கட்டுப்பாட்டுக்கு வருகிறது.

இதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 88 மருத்துவர்களிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. ஐந்து மாதங்களில் ஆறு அமர்வுகள், மொத்தம் மூன்றரை மணி நேரம், தொலைபேசியில் உரையாடல். கடும் மனக்களைப்பில் இருந்தோரின் விகிதம் உரையாடல் கிடைத்த பிரிவில் 19.5 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. கிடைக்காத பிரிவில் 9.8 புள்ளிகள் கூடியது. ஆனால் பணித் திருப்தியில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. பேச்சு ஆளைத் தேற்றும். வேலையின் தன்மையை நிர்வாகம்தான் மாற்ற வேண்டும்.

நிர்வாகம் செய்ய வேண்டியவை

பணிச்சோர்வை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் ஆறு காரணங்களைச் சுட்டினார்கள்: வேலைப்பளு, கட்டுப்பாடு, அங்கீகாரம், சக பணியாளர் உறவு, நியாயம், விழுமியங்கள். இவற்றை மனத்தில் வைத்துக் கல்லூரிகள் உடனே சில மாற்றங்களைச் செய்யலாம்.

- உரையாடல் நடத்துபவர் துறைத்தலைவராக இருக்கக் கூடாது. பேசியது முதல்வர் காதுக்குப் போகாது என்று எழுத்திலேயே உறுதி வேண்டும்.
- அமர்வு வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும். சனிக்கிழமை மாலை கூப்பிட்டால் அதுவும் ஒரு சுமைதான்.
- ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் கேட்பதை நிறுத்த வேண்டும்.
- ஆள்சேர்ப்பு இலக்கைச் சம்பளத்தோடு முடிச்சுப்போடக் கூடாது.
- அலுவலகப் பணியாளர், ஆய்வக உதவியாளர், விடுதிக் காப்பாளர், பேருந்து ஓட்டுநர் எல்லாருக்கும் இந்தத் துணை உரையாடல் வாய்ப்பு கிடைக்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

எதிலும் நாட்டமின்மை, காரணமில்லாத அழுகை, பசியின்மை, குற்றவுணர்ச்சி ஆகியவை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குத் துணை உரையாடல் போதாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மருத்துவரை அணுகலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். இந்த எண்ணை ஸ்டாஃப் ரூமிலும் அலுவலகத்திலும் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள். கேட்கத் தயங்குபவருக்கும் அது உதவும்.