பெண்ணையாற்றுப் பாறையும் எழுதும் மனமும்

எழுத்தாளர் ஒருவர் எழுதாமல் இருக்கும் காலத்தைச் சோம்பல் என்றோ, சரக்குத் தீர்ந்துவிட்டது என்றோ சொல்லிவிடுவது எளிது. ஆனால், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பெண்ணையாற்றங்கரையிலுள்ள திருக்கோவிலூரையும், கல்வராயன் மலையின் தென்புற அடிவாரத்தை ஒட்டிய ஆத்தூரையும் இலக்கிய வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது, எழுதும் ஊக்கம் என்பது கேட்பவர், வாசிப்பவர், எடுத்துக்கொண்ட வடிவம் ஆகியவற்றோடு பின்னிக் கிடப்பது என்பதும், அந்தப் பின்னலில் ஓர் இழை அறுந்தாலே பெரும்புலவனின் கையும் தளர்ந்துவிடும் என்பதும் தெளிவாகின்றன.

திருக்கோவிலூரில் ஆற்றின் நடுவே நிற்கும் பாறை கபிலர் குன்று எனப்படுகிறது. சங்கப் புலவர்களில் மிகுதியான பாடல்கள், அதாவது 235 பாடல்கள், கபிலர் பெயரில்தான் கிடைக்கின்றன. அவற்றுள் பெரும்பங்கு மலையையும் மலைசார்ந்த வாழ்வையும் பேசும் குறிஞ்சித்திணையைச் சேர்ந்தது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்துவதற்காகப் பாடப்பட்டதாகப் பழங்குறிப்புக் கூறும் ‘குறிஞ்சிப்பாட்டு’ 261 அடிகள் கொண்டது. அதில் காந்தள், செங்கொடுவேரி, குறிஞ்சி, வேங்கை என்று 99 பூக்கள் வரிசையாக வருகின்றன. ஒரே இருப்பில் அமர்ந்து நினைவிலிருந்து இறக்கிவைக்கக்கூடிய பட்டியல் அன்று இது. எந்தப் பூ பாறையில் படரும், எது சுனையில் மலரும், எதற்கு மலைமக்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பல ஆண்டுகள் நடந்தும் கேட்டும் சேர்த்த ஒருவரால்தான் இப்படி அடுக்க முடியும் என்று கருதத் தோன்றுகிறது. எழுதும் பழக்கம் என்று இன்று பேசப்படுவதில் பாதிக்கு மேல், ஏட்டைத் தொடுவதற்கு முன்னரே நடந்து முடிந்துவிடும் இந்தக் கவனிப்புத்தான்.

அத்தகைய உழைப்பாளிக்கும் ஒரு தவிப்பு இருந்தது. திருக்கோவிலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியை நோக்கிக் கபிலர் பாடிய புறநானூற்று 121ஆம் பாடலின் பொருள் வியப்புக்குரியது: நாற்றிசையிலிருந்தும் பரிசிலர் வருகிறார்கள், அள்ளிக் கொடுத்தல் எளிது, ஒவ்வொருவரின் தகுதியை அறிந்து கொடுத்தலே அரிது, ஆகவே புலவர் அனைவரையும் ஒன்றுபோலப் பார்ப்பதை விட்டுவிடுக என்று அவர் வேண்டுகிறார். தேர்களையே வாரி வழங்கிய வள்ளலிடம் புலவர் கேட்டது கூடுதலான பொன்னை அன்று, தம் சொல்லின் தரத்தைப் பிரித்தறியும் செவியை. ஊக்கம் குன்றுவதன் வேர் எங்கே இருக்கிறது என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன பாடல் தமிழில் அரிது.

அத்தகைய செவியாக அவருக்கு வாய்த்தவன் பறம்புமலைத் தலைவன் பாரி. மூவேந்தரின் முற்றுகைக்குப் பின் பாரி மாய்ந்தபோது கபிலர் இழந்தது நண்பனை மட்டும் அன்று. பாடல் போய்ச் சேரும் இடத்தையும் இழந்தார். பாரிமகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோன், இருங்கோவேள் ஆகியோரிடம் சென்று மணந்துகொள்ள வேண்டியதும், அவர்கள் மறுத்ததும் புறநானூற்றில் 200 முதல் 202 வரையுள்ள பாடல்களால் அறியப்படுகின்றன. பின்னர்ச் சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடிய பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்துக்கூடப் பாரியின் இறப்பைச் சொல்லியே தொடங்குகிறது. அவன் மறைந்ததால் இரக்க வந்தேன் அல்லேன் என்று புதிய புரவலன் முன்னிலையில் பழைய நண்பனை முதலில் நிறுத்திய பிறகே கபிலரால் அடுத்த சொல்லுக்குச் செல்ல முடிந்தது.

துணை இல்லாதபோது வடிவமே துணையாவதும் உண்டு. இதே திருக்கோவிலூரில், மழையிருளில் ஒருவர் படுக்கவும் இருவர் இருக்கவும் மூவர் நிற்கவும் மட்டுமே இடமுள்ள இடைகழியில், அதாவது வீட்டு வாயிலுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள நடைபாதையில், பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் நெருக்குண்டு நின்று பாடியதாக வைணவ மரபு போற்றுகிறது. அவர்கள் ஆளுக்கு நூறு வெண்பாவாகப் பாடிய மூன்று நூல்களும் அந்தாதிகள். அந்தாதி என்பது ஒரு பாட்டின் இறுதிச் சொல்லோ அசையோ அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும் அமைப்பு. அடுத்து என்ன எழுதுவது என்று திகைத்து நிற்பவருக்கு முதற்சொல்லை முந்தைய பாட்டே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. நூறாவது பாட்டு முதற்பாட்டின் தொடக்கத்தைத் தொடும் வரை கை ஓய முடியாது. பிற்காலத்தில் வில்லிபுத்தூராருக்குத் திருமுனைப்பாடி நாட்டு வக்கபாகைத் தலைவன் வரபதியாட்கொண்டானின் வேண்டுகோள் அதே வேலையைச் செய்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட பாரதம் அதன் விளைவு.

நம் காலத்தில் இவ்விழை அறுந்ததற்கும் மீண்டும் முடியப்பட்டதற்கும் சான்றாக நிற்பவர், ஆத்தூர் அரசுக் கலைக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்த பெருமாள்முருகன். 2010இல் வெளிவந்த ‘மாதொருபாகன்’ நாவலை எதிர்த்து 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் போராட்டம் வெடித்து, 2015 சனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்த பின்னர், பெருமாள்முருகன் என்னும் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார். 2016 சூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எஸ்.கே. கௌல் தலைமையிலான அமர்வு நாவலுக்குத் தடையில்லை என்று தீர்ப்பளித்து, ஆசிரியர் மீண்டும் எழுத வேண்டும் என்ற வேண்டுகோளோடு அதை முடித்தது. ஆயினும், தீர்ப்பு வந்த மறுநாளே பேனா தானாக ஓடிவிடும் என்று எண்ணுவது எழுத்தின் இயல்பு அறியாதார் கூற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த ‘கோழையின் பாடல்கள்’ தொகுப்பில் உள்ள ஏறத்தாழ இருநூறு கவிதைகள் அந்த மௌனக் காலத்திலேயே, வெளியிடும் எண்ணமின்றிப் பிறந்தவை. நாவலாசிரியராக அறியப்பட்டவருக்கு நாவல் அடைபட்டபோது கவிதையின் சிறிய சந்து திறந்திருந்தது.

அடுத்து வந்த ‘பூனாச்சி’ நாவலின் முன்னுரையில் அவர் தம் தேர்வை விளக்கும் முறை உருக்கமானது: மனிதரைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுதவோ பேரச்சம், நன்கு தெரிந்த விலங்குகள் ஐந்து, அவற்றில் நாயும் பூனையும் கவிதைக்கு உரியவை, மாட்டையும் பன்றியையும் எழுதுவதற்கு இல்லை, மிஞ்சியவை ஆடுகள். அச்சம் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வர, சாத்தப்படாமல் எஞ்சிய ஒரு கதவின் வழியாகக் கையகலக் கருங்குட்டி ஒன்று உள்ளே நுழைகிறது. அதற்குப் பால் புகட்டிப் பிழைக்கவைக்கக் கிழவி ஒருத்தி படும் பாட்டை எழுதியிருக்கும் நுணுக்கத்தில், தளர்ந்துபோன எழுத்து தன் கால்களில் எழுந்து நிற்கப் பழகுவதையும் காண முடிகிறது.

கபிலருக்கு அந்த இரண்டாம் எழுச்சி நிலைக்கவில்லை. பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு அவர் தீப்புகுந்தார் என்று திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக் கூறுகிறது. புறநானூற்று 236ஆம் பாடலின் அடிக்குறிப்போ அவர் வடக்கிருந்தார், அதாவது வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டார் என்கிறது. அந்தப் பாடலில் அவர் இறந்துபோன பாரியிடமே பேசுகிறார். உடன்வர விடாமல் இருத்திச் சென்றாயே என்று நொந்து, மறுபிறவியிலும் சேர்ந்திருக்க வேண்டுகிறார். ஆனால் அதைச் சொல்வதற்கு முன், ஆண்குரங்கு கிழித்துத் தின்ற முழவுபோன்ற பெரிய பலாப்பழம் ஒன்றையும், எஞ்சிய அதைக் குறவர் எடுத்து நாள்பட வைத்து உண்பதையும் நின்று பார்த்துக்கொள்கிறார்.